மூன்று பஞ்சாங்கங்களின் பூந்தோட்டம்

கொள்ளேகாலைத் தமிழர்கள் பட்டுக்காக அறிவார்கள்; மாதேசுவரன் மலைக்குப் போகும் வழியில் வண்டி மாறும் ஊராகவும் அறிவார்கள். பூவோடு சேர்த்து அந்த ஊரைப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் தென்னிந்தியப் பூ விவசாயத்தின் ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம் அதன் இருப்பிடம். பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 948, கொள்ளேகாலைத் தொட்டு, சாமராஜநகர் கடந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்துக்குப் போகிறது. மைசூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். குண்டலுப்பேட்டைப் பக்கம் திரும்பினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்து வட்டமாக இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். சந்தையில் கன்னடமும் தமிழும் இன்றும் ஒன்றோடொன்று கலந்தே கேட்கும்.

இங்கே பூத்தோட்டம் வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளர்கள் மூன்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள். தமிழருக்குச் சூரிய மாதம். ஆடி கழிந்தால்தான் ஆவணி முகூர்த்தம். கன்னடருக்கு அமாவாசையோடு முடிகிற சந்திர மாதம். மலையாளிகளுக்குக் கொல்லம் ஆண்டின் சிங்க மாதமும் அதில் வரும் ஓணமும். செடிக்கு இந்த மூன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மண்ணின் ஈரமும், இரவின் குளிரும், விவசாயி எந்த மாதத்தில் கவாத்துக் கத்தரியை எடுத்தார் என்பதும்தான். செடியின் நாளும் ஊரின் நாளும் ஒத்துப்போகிற வாரங்களில் குடும்பம் கடன் அடைக்கும். ஒத்துப்போகாத வாரங்களில் பறிப்புக் கூலிக்கே கையைக் கடிக்கும்.

செடியின் நாளையும் ஊரின் நாளையும் ஓரளவுக்காவது ஒத்துப்போகச் செய்ய நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. ஒரே தோட்டத்தில் மல்லி, முல்லை, ஜாதிமல்லி, காக்கடா, கனகாம்பரம் என்று இந்த மண்ணின் பூக்களைக் கலந்து வைப்பதே அந்த வழி. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் பருவம் வேறு என்பதால் ஒன்று ஓயும்போது இன்னொன்று எழும். தனிப்பயிராக ஒரே பூவை ஏக்கர் கணக்கில் போடும் இன்றைய போக்கு, இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டு அதற்கு ஈடாக எதையும் தரவில்லை என்பதே என் வாதம்.

எது நாட்டுப் பூ என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குண்டுமல்லி தெற்காசியச் செடி. ஊசி மல்லி என்றும் சொல்லப்படும் முல்லை தென்னிந்தியக் காட்டுப் புதர்களில் தானாகவே வளர்வது. கனகாம்பரத்தின் பிறப்பிடம் தென்னிந்தியாவும் இலங்கையும். மரிக்கொழுந்தும் இந்தப் பகுதியின் சொந்தச் செடிதான். இன்று கோயில் மாலைகளை நிறைக்கும் செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டி வந்தவை. செவ்வந்தியின் பூர்வீகம் சீனா. பிறந்த இடத்தை வைத்துச் செடியை உயர்த்தவோ தாழ்த்தவோ நான் வரவில்லை. நாட்டுச் செடிகளில் மல்லியும் முல்லையும் பல ஆண்டு நிற்கும் புதர்கள். இந்த நிலத்தின் மழைக்கும் வெயிலுக்கும் வளர்ந்து பழகியவை. செண்டுமல்லி ஒரு பருவத்தோடு முடிந்துபோவது. விவசாயியின் ஆண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு பெரிது.

கொள்ளேகால் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் ஆண்டு மழை குறைவு. அதுவும் இரண்டு தவணையாக வரும். சித்திரை, வைகாசியில் இடியோடு கூடிய கோடை மழை ஒன்று. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்கோடு சேர்ந்த மழை ஒன்று. நடுவில் ஆனி, ஆடியில் மேகம் இருக்கும், காற்று இருக்கும், மழை மட்டும் தூறலோடு நின்றுவிடும். மார்கழி இரவுகளில் 15, 16 டிகிரி வரை குளிர் இறங்கும். மலைக்குக் கீழே சத்தியமங்கலம் இதைவிடத் தாழ்வு, இதைவிடச் சூடு. குளிரில் உறங்கும் மல்லிச் செடி சத்தியமங்கலத்தில் கண் விழிக்கும் அளவுக்கு விரைவாகக் கொள்ளேகால் மேட்டில் விழிப்பதில்லை. சில நாள் பின்தங்கல்தான். பூ விலையில் அந்தச் சில நாளுக்கே பெரிய மதிப்பு உண்டு.

மல்லித் தோட்டத்தின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை. கார்த்திகையில், கவாத்துக் கத்தரியில் தொடங்குகிறது. நவம்பர் கடைசி வாரம் குண்டுமல்லிக்குக் கவாத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இந்த வட்டாரத்தின் நடைமுறையும் ஏறக்குறைய அதுதான். சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். செடி சற்று வாடி, சாறு கீழிறங்கியதும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், அதாவது 45 முதல் 50 சென்டிமீட்டரில், எல்லாக் கிளைகளையும் வெட்டுவார்கள். காய்ந்த குச்சி, உள்ளே ஒன்றோடொன்று உரசும் குச்சி, பூச்சி தொட்ட குச்சி ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டால், பச்சைப் புதராக நின்ற தோட்டம் வெறும் குச்சிக்காடாகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தோட்டத்தையே அழித்துவிட்டார்களோ என்று தோன்றும். மல்லி மொக்கு விடுவது புதுத் தளிரின் நுனியில்தான். பழைய குச்சியை விட்டுவைத்தால் செடி இலையாக வளருமே தவிரப் பூவாக வளராது.

வெட்டிய பின் செடியைச் சுற்றி மண்ணைக் கிளறிவிடுவது வெறும் களையெடுப்பு அல்ல. மொக்கைக் கெடுக்கும் ஒரு சிறு ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் உறங்குகிறது. கிளறிய மண்ணில் அது மேலே வந்து வெயிலுக்கும் எறும்புக்கும் குருவிக்கும் இரையாகும். அடுத்தது தொழுவுரம், செடிக்குப் பத்து கிலோ. தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120. அதில் பாதி இப்போது, பாதி ஆனி, ஆடியில். பிறகு தண்ணீர். அதன் பின் செய்யக்கூடியது காத்திருப்பதுதான்.

காத்திருப்பு கடுமையானது. மார்கழியிலும் தையிலும் செடி தளிர்விட்டுக்கொண்டிருக்கும், மொக்கு வராது. அதே நாள்களில் தை முகூர்த்தமும் பொங்கலும் சங்கராந்தியும் சேர்ந்து வந்து, மல்லி விலை கிலோ ஆயிரங்களுக்கு ஏறும். செய்தித்தாள்கள் அந்த விலையைக் கொட்டை எழுத்தில் போடும். விவசாயி கொழிக்கிறார் என்று வாசகர் நினைப்பார். உண்மையில் அந்த விலைக்கு விற்க அவரிடம் இருப்பது ஒரு கைப்பிடி மொக்குதான். கவாத்தைத் தள்ளிப்போட்டுப் பழைய செடியிலேயே கொஞ்சம் பூ எடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பங்குனி விளைச்சல் அடிவாங்கும்.

மாசி கடைசியில் முதல் மொக்குகள் தலைகாட்டும். பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லியின் காலம். நன்றாகப் பராமரித்த தோட்டம் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 8 முதல் 10 டன் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அதில் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களில் வந்து குவிகிறது.

மல்லி பறிப்பு இருட்டிலேயே தொடங்கிவிடும். பெரும்பாலும் பெண்கள், தலையில் கட்டிய டார்ச் விளக்கின் சிறு வெளிச்சம், இடுப்பில் முடிந்த துணி மடி. அவர்களின் கண் தேடுவது அன்று மாலை மலரப்போகும் மொக்கை மட்டுமே. அது முழு அளவுக்குப் பருத்திருக்கும். பச்சைச் சாயல் போய்ப் பால் நிறம் வந்திருக்கும். கழுத்து சற்று நீண்டு புல்லிவட்டம் தளர்ந்திருக்கும். அதே கொத்தில் பக்கத்திலேயே இளம்பச்சையாக நிற்பது நாளைய மொக்கு. அதைத் தொடக்கூடாது. கட்டைவிரல் நகமும் சுட்டுவிரலும் காம்பில் பட்டதும் மொக்கு மடிக்குள் விழுந்துவிடும். ஒரு நொடியில் இப்படிப் பிரித்தறியும் கைக்குத்தான் கூலி. இதைச் செய்ய இயந்திரம் இன்றுவரை வரவில்லை. கூலியோ எடைக்குத்தான், திறமைக்கு இல்லை. காட்டோர ஊர்களில் யானை நடமாட்டம் உள்ள நாள்களில் இருட்டில் தோட்டத்துக்குள் இறங்குவதே ஓர் அச்சம்.

வெயில் ஏறும் முன் பறித்தே ஆக வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் செடியின் இயல்பில் இருக்கிறது. மல்லி அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ. அதனால் மலர்வதும் மணப்பதும் மாலைக்குப் பிறகுதான். பறித்த பின்னும் மொக்குக்குள் அந்த வேலை நிற்காது. காலையில் பறித்த மொக்கு, மூட்டைக்குள்ளும் கூடைக்குள்ளும் கூந்தலிலும் இருந்தபடியே தன் நேரம் வந்ததும் விரியும். மணத்தை அப்போதுதான் உண்டாக்கும். மல்லி வணிகம் முழுவதும் இந்த ஒரு பண்பின் மேல் நிற்கிறது. பறிப்புக்கும் மலர்ச்சிக்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்துக்குள் ஏலம், கமிஷன், லாரி, கட்டுதல், முழம் போட்டு விற்றல் எல்லாம் முடிய வேண்டும்.

சத்தியமங்கலத்தில் பூ விவசாயிகளே சங்கம் வைத்து ஏலம் நடத்துகிறார்கள். அங்கே ஏலம் போகும் மல்லியும் முல்லையும் காக்கடாவும் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போகின்றன. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. பந்திப்பூர்ச் சாலைகளில் 2009 முதலே இரவுத் தடை. காட்டுயிர்களுக்காகப் போட்ட இந்தத் தடைகளை நான் ஆதரிக்கிறேன். இரவில் வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளின் கணக்கு சிறியதல்ல. அதே நேரத்தில், பூவுக்கு இருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் சாலை எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதும் தோட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. மலைக்கு மேலேயே, கொள்ளேகாலிலும் சாமராஜநகரிலும் விளையும் பூவுக்கு மைசூர்ச் சந்தையில் ஒரு சிறு முன்னுரிமை கிடைப்பதும் இதனால்தான்.

சித்திரை, வைகாசியில் விலை சரியும். எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் பூப்பதால் தை மாதத்து ஆயிரங்கள் நூறுகளாகிவிடும். அப்போது கடைசிப் புகலிடம் வாசனைத் திரவிய ஆலை. ஹெக்சேன் கரைப்பானில் பூவை ஊறவைத்து மெழுகு போன்ற சாற்றை எடுப்பார்கள். குண்டுமல்லியில் இந்தச் சாறு 0.14 முதல் 0.19 சதவீதம்தான், ஒரு கிலோ சாற்றுக்கு 500 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். ஜாதிமல்லியில் ஏறத்தாழ 0.3 சதவீதம். ஆலைக்காரர் ஜாதிமல்லியை விரும்புவதும் குண்டுமல்லிக்குக் குறைந்த விலை சொல்வதும் இந்தக் கணக்கால்தான். ஆலைக்கு மொக்கு வேண்டாம், விரிந்த பூ வேண்டும் என்பதால் பறிப்பு நேரமும் மாறும். விடிந்த பிறகு, வெயில் சுடும் முன்.

கோடை மழை விழுந்ததும் தோட்டத்தின் கவனம் முல்லைக்குப் போகும். முல்லைக்குக் கவாத்து தையின் நடுவில், ஜனவரி கடைசி வாரம். அதனால் அது மல்லியைவிடத் தாமதமாகத் தளிர்த்து, வைகாசிக்கு மேல் பூவெடுத்து மழை மாதங்கள் முழுக்க நிற்கும். சங்கப் புலவர்கள் முல்லைத் திணைக்குப் பெரும்பொழுதாகக் கார் காலத்தையும் சிறுபொழுதாக மாலையையும் வைத்தார்கள். இதை வெறும் இலக்கிய மரபென்று படித்துவிட்டுப் போகிறோம். தோட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே செடியின் நடத்தையைக் கவனித்துச் சொன்னவை என்பது தெரியும். மழைக்குப் பூக்கும் செடி அது. மாலையில் விரியும் மொக்கு அது. கவிதைக்கும் பயிர்நூலுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

முல்லையில் மொக்கின் நீளத்தையும் நுனியையும் வைத்தே ரகம் பிரிப்பார்கள். கோயம்புத்தூரிலுள்ள அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த கோ.1, கோ.2 ரகங்களும் பாரிமுல்லையும் பரவலாக உள்ளன. வெள்ளைக் கம்பளி படர்ந்ததுபோல் இலையைச் சுருட்டும் ஒரு சிலந்திப்பேன் முல்லையின் பெரிய எதிரி. அதைத் தாங்கும் என்பதே பாரிமுல்லைக்குப் பெயர் வாங்கித் தந்தது. மல்லி வகைகள் நம் தோட்டங்களில் விதையால் பெருகுவதில்லை, குச்சியால்தான். ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் மணலில் வேர்பிடித்த மல்லிக் குச்சிகள் தமிழ்நாடு முழுவதும் போகின்றன. மாநிலம் தாண்டியும் போகின்றன. ஒரு வட்டாரத்தின் மல்லியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே தாய்ச்செடியின் பிரதிகள் என்பதால் ஒரு நோய் வந்தால் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வரும். ஒரே ரகத்தை ஊரெல்லாம் நடுவதில் உள்ள இந்த ஆபத்தை நாற்று வாங்கும்போது யாரும் எச்சரிப்பதில்லை.

முல்லை பூத்துக்கொண்டிருக்கும்போதுதான் மூன்று பஞ்சாங்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. தமிழ்நாட்டில் ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது; கோயில் வெள்ளிகள் மட்டும் பூவுக்குக் கைகொடுக்கும். கன்னடரின் ஆஷாடமும் அப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமைகளில் மைசூர்ச் சாமுண்டி மலையில் கூட்டம் அலைமோதும். ஆனால் ஆஷாடம் ஆடி அமாவாசையோடு முடிந்துவிடுகிறது. மறுநாளே சிராவணம். 2025-ஐ எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசை ஜூலை 24. ஜூலை 25 சிராவணம் பிறந்தது. தமிழ் ஆவணி பிறந்ததோ ஆகஸ்ட் 17. இடைப்பட்ட மூன்று வாரங்களுக்கு மேல் தமிழ்நாட்டுச் சந்தை ஆடியில் அடங்கிக் கிடக்க, மலைக்கு மேலே கல்யாணமும் கிருகப்பிரவேசமும் தொடங்கிவிட்டன. ஆகஸ்ட் 8 வரமகாலட்சுமி விரதம். கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு கலசம் வைத்துப் பூ சாத்தும் நாள். ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, அதற்கு முந்தின நாள் கௌரி பண்டிகை. செப்டம்பர் 5 திருவோணம். பிறகு மைசூர் தசரா, அக்டோபர் 2-ல் விஜயதசமியோடு நிறைவு.

எல்லையில் இருக்கும் தோட்டத்துக்கு இதன் பொருள் என்ன என்று பாருங்கள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ உள்ள விவசாயி ஆடி முழுவதும் பூவை ஆலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கையில், கொள்ளேகால் விவசாயிக்கு ஆடி முடியும் முன்பே சந்தை திறந்துவிடுகிறது. ஆவணியில் தமிழ் முகூர்த்தம் அதோடு சேர்கிறது. ஓணம் மூன்றாவதாக வருகிறது. ஆண்டில் இரண்டு, இரண்டரை மாதம் பண்டிகையும் சுப நாளும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாள்களில் பூக்கும் நாட்டுப் பூ எது? குண்டுமல்லி அல்ல, அது ஆனியோடு ஓயத் தொடங்கிவிட்டது. முல்லையும் ஜாதிமல்லியும்தான். மல்லியை மட்டும் வைத்திருப்பவர் இந்த வரப்பிரசாதத்தைத் தோட்டத்து வரப்பில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

ஜாதிமல்லி, பிச்சி என்றும் சொல்வோம், டிசம்பர் கடைசியில் கவாத்து வாங்கி ஆனி, ஆடியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும். இதே செடிதான் பிரான்ஸில் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலுக்கும் அடிப்படை. அங்கே பனிக்காலத்தில் செடியின் அடிக்கு மண் அணைத்துக் காப்பாற்றி, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மட்டும் பறிக்கிறார்கள். எகிப்தின் நைல் கழிமுகத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை, இரவு நேரப் பறிப்பு. கிராஸ் வட்டாரத்தின் வாசனைக் கைத்திறனை யுனெஸ்கோ 2018-ல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விடிகாலை இருட்டில் மொக்கைப் பிரித்தறியும் நம் பெண்களின் கைத்திறன் அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மதுரை மல்லிக்கும் மைசூர் மல்லிக்கும் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். பறிக்கிறவர்களைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

கனகாம்பரம் ஆண்டு முழுவதும் பூக்கும். அடைமழையில் மட்டும் கொஞ்சம் குறையும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு. ஒரு கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பூ நிற்கும், அவ்வளவு இலேசு. மணமில்லை, ஆனால் வாடுவதற்கு நேரமாகும் என்பதால் மல்லிச் சரத்துக்கு நடுவே கட்ட இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டில் பாத்தி காலியாகிவிடும். இடம் மாற்றித்தான் நட வேண்டும். காக்கடாவுக்கு மணம் குறைவு, ஆனால் மல்லி உறங்கும் குளிர் நாள்களிலும் கொஞ்சமாவது கொடுக்கும். மரிக்கொழுந்து ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசிக்குள் அறுவடை. ஏறத்தாழ நான்கே மாதப் பயிர் என்பதால், மல்லி குச்சியாக நிற்கும் மாதங்களில் வீட்டுக்கு ஒரு வருமானம்.

கொள்ளேகாலுக்கே உரிய ஒரு சிக்கலை இனிச் சொல்ல வேண்டும். இது பட்டு நாடு. பூத்தோட்டத்தின் வரப்புக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் மல்பெரி. பட்டுப்புழு முட்டையிலிருந்து வந்து கூடு கட்டத் தொடங்க ஏறத்தாழ 25 முதல் 28 நாள். அந்த நாள்களில் அது தின்னும் இலையில் பூச்சிமருந்தின் வாடை பட்டாலும் ஒரு தட்டுப் புழு முழுவதும் செத்துவிடும். மல்லிக்கோ கோடையில் மொட்டுப்புழு கட்டாயம் வரும். ஒரு மொக்கைத் துளைத்து உள்ளே தின்றுவிட்டு, பட்டு நூலால் பக்கத்து மொக்குகளைப் பிணைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். கூடவே மொக்கு ஈ. அது தொட்ட மொக்கு செந்நீலம் பாய்ந்து விரியாமலே உதிரும். விலை நல்ல நாளில் இதைக் கண்ட விவசாயி மருந்துத் தெளிப்பானை எடுக்காமல் இருக்க முடியாது. காற்று மல்பெரிப் பக்கம் வீசினால் அண்டைவீட்டாரின் ஒரு மாத உழைப்பு போயிற்று. வேப்பங்கொட்டைக் கரைசல் பாதுகாப்பு என்று சொல்வார்கள். மனிதருக்குப் பாதுகாப்புதான், பட்டுப்புழுவுக்கு அல்ல. வேம்பும் அதன் உணவு வேட்கையையும் வளர்ச்சியையும் கெடுக்கும்.

இதற்கு விடை மருந்துக் கடையில் இல்லை. கவாத்தின்போது மண் கிளறுவது, துளைபட்ட மொக்குகளைக் கையால் பொறுக்கி அழிப்பது, இரவில் விளக்குப்பொறி வைப்பது என்று மருந்தில்லாத வேலைகள் முதலில் வர வேண்டும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் அண்டைத் தோட்டத்துப் புழு கூடு கட்டி முடித்து, அடுத்த இலை அறுவடைக்கு நாள் இருக்கும் இடைவெளியில் தெளிக்க வேண்டும். மல்பெரிக்கு ஆண்டில் ஐந்தாறு அறுவடை. ஓர் ஊரின் புழு வளர்ப்பு நாள்கள் பெரும்பாலும் ஒன்றாகவே நகரும். இந்த இடைவெளிகளை முன்கூட்டியே தாளில் எழுதிவிட முடியும்.

செண்டுமல்லி இந்த மாவட்டத்துக்குள்ளேயே வேறொரு கதை சொல்கிறது. கோடை மழைக்குப் பின் குண்டலுப்பேட்டைப் பக்கம் சாலையோர நிலங்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாக விரியும். கேரளத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து படம் எடுப்பார்கள். ஓணத்துக்கு அத்தப்பூக்களமாக ஒரு பங்கு போகும். நிறமி எடுக்கும் ஆலைகளுக்குப் பெரும்பங்கு. விதைத்த இரண்டு மாதத்தில் பூ என்பதால் கையில் காசு சீக்கிரம் வரும். இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லார் நிலத்திலும் ஒரே வாரத்தில் பூக்கும். ஓணம் முடிந்த மறுநாள் சந்தையில் கேட்க ஆள் இருக்காது. ஆலை சொன்னதே விலை. செண்டுமல்லி ஒரு வாரத்துப் பண்டிகையை நம்பிய பயிர். முல்லையும் ஜாதிமல்லியும் கனகாம்பரமும் சேர்ந்த அரை ஏக்கர் அப்படி ஒரே நாளில் கைவிடாது.

குளிர்கால விலையைப் பிடிக்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வழியில் முயல்கிறார்கள். ஒன்று, கவாத்து மாதத்தை மாற்றி, தோட்டத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, பூக்கும் நாள்களைப் பரப்புவது. மற்றொன்று ஆண்டு முழுவதும் பூக்கும் வேறு மல்லி இனம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லி அப்படிப்பட்டது. மொக்கில் இளஞ்சிவப்பு ஓடும், வாடாமல் கூடுதல் நேரம் நிற்கும். அது பசிபிக் தீவுகளின் செடி. நம் மண்ணில் வைப்பதில் தவறில்லை. ஆனால் முதல் வழிக்குச் செலவே இல்லை. அரை ஏக்கரை மூன்றாகப் பிரித்து வெவ்வேறு மாதத்தில் வெட்டுவதற்கு வேண்டியது ஒரு கத்தரியும் ஒரு நாள்குறிப்பும்தான். சிறு விவசாயிக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஒரே செடி இடத்தைப் பிடிப்பது காட்டிலும் நடக்கிறது. கொள்ளேகாலுக்கு அருகிலுள்ள பிளிகிரிரங்கன் மலையில், பார்கவி ஆற்றோரம் ஒரு பெருஞ்செண்பக மரம் நிற்கிறது. அந்த மலையின் பழங்குடியினரான சோளகர்கள் அதை ‘தொட்ட சம்பிகே’ என்று வணங்குகிறார்கள். விற்பனைக்காக அதில் யாரும் பூப் பறிப்பதில்லை. 2011-ல் புலிகள் காப்பகமான அந்தக் காட்டில், அதே ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சோளகர்களுக்குச் சமூக உரிமை கிடைத்தது. ஆனால் மரங்களுக்குக் கீழே இன்று பரவிக் கிடப்பது அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடி. அதன் அடர்த்திக்குள் நாட்டுப் புதர்களின் கன்று எழ முடிவதில்லை. காட்டிலும் வயலிலும் நடப்பது ஒன்றே: பல செடிகள் பல பருவங்களில் பூத்த இடத்தை ஒரே செடி பிடித்துக்கொள்கிறது.

கொள்ளேகால் வட்டாரத்தில் பட்டு வளர்ச்சித் துறையும் தோட்டக்கலைத் துறையும் இருக்கின்றன. ஒன்று மல்பெரிக்காரரோடு பேசுகிறது, மற்றது பூக்காரரோடு பேசுகிறது. இரண்டும் உட்கார்ந்து, புழு வளர்ப்பு நாள்களையும் மல்லி, முல்லை, ஜாதிமல்லிக் கவாத்து நாள்களையும், மருந்து தெளிக்கக்கூடாத வாரங்களையும், சிராவணம், ஆவணி, ஓணம் தேதிகளையும் ஒரே தாளில் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தோட்டக்கலை மானியம் தரும்போது ஒரே பூவின் பரப்பை மட்டும் பார்க்காமல் கலப்புத் தோட்டத்தையும் தகுதியாக ஏற்க வேண்டும். அச்சுச் செலவைத் தவிர முதல் வேலைக்கு ஒரு ரூபாயும் ஆகாது. வரும் கார்த்திகையில் விவசாயிகள் கத்தரி எடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடலாம்.